மும்தாஜ் அக்கா மைக்கில் சொன்னது

கம்ப்யூட்டர் திரையில் பெயர்களைப் படிக்கும்போது மும்தாஜ் அக்கா விரலால் தொட்டுத்தான் படிப்பார். பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு பெயரைத் தொடுவார், உதடு அசையப் படிப்பார், அடுத்த பெயருக்கு இறங்குவார். சாயங்காலம் ஷட்டரை இறக்குவதற்கு முன் அந்தத் தடங்களைத் துடைப்பது என் வேலை. பழைய பனியன் துணியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் துடைப்பேன். அன்றைக்கு என்ன வேலை வந்தது என்பதைத் தடங்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். புதுமனை புகுவிழா என்றால் நடுவில் மட்டும் நாலு தடம் இருக்கும். கல்யாணப் பத்திரிகை என்றால் திரை முழுக்க எண்ணெய் தெளித்ததுபோல இருக்கும்.

தமிழும் மலையாளமும் பேசுகிற எல்லை ஊரான எங்கள் கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மருந்துக் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் இருக்கிறது அக்காவின் கடை. போட்டோஸ்டாட், லேமினேஷன், பரீட்சைக்கு விண்ணப்பம் போடுவது, கேஸ் புக்கிங், கல்ஃபுக்குப் போகிறவர்களின் காகிதங்கள் என்று எல்லாம் நடக்கும். ஆனால் கடையை நிறுத்தி வைத்திருப்பது பத்திரிகை வேலைதான். கல்யாணம், நிக்காஹ், காதுகுத்து எதுவானாலும் அக்காவிடம் வந்து எழுத்துக் கோத்து, இங்கிருந்து பொள்ளாச்சி அச்சகத்துக்குப் போகும்.

எங்கள் பக்கத்துப் பத்திரிகையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மணமக்களின் பெயர் சின்னதாகவும் ஒறம்பரைகளான சொந்தக்காரர்களின் பெயர்கள் பெரிய கூட்டமாகவும் இருக்கும். பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அவர்களுடைய மருமகன்கள், கோயம்புத்தூரில் இருக்கிறவர், துபாயில் இருக்கிறவர் என்று ஒருவரும் விட்டுப்போகக் கூடாது. ஒரு சித்தப்பாவின் பெயர் விட்டுப்போன கல்யாணத்தில் அவர் மண்டபத்து வாசல்வரை வந்து, பத்திரிகையைத் தூக்கிக் காட்டிவிட்டு, சாப்பிடாமல் திரும்பிப் போனார். அதனால் அக்கா அச்சுக்கு அனுப்புவதற்கு முன் பத்திரிகையை அந்தக் குடும்பத்துப் பெரியவர்கள் எல்லோருக்கும் மெயிலில் அனுப்பிவிடுவார். வாட்ஸப்பில் போட்டால் எழுத்து மங்கிவிடும், மெயிலில் வந்ததைக் கம்ப்யூட்டரில் திறந்து பெரிதாக்கிப் பாருங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிப் பழக்கியிருந்தார். மெயில் கணக்கு இல்லாதவர்களுக்கு அவரே ஒன்று தொடங்கிக் கொடுத்திருந்தார். மெயிலின் தலைப்பு எப்போதும் ஒன்றேதான்: பெயர் திருத்தம் பார்க்கவும். அந்தத் தலைப்போடு ஒரு மெயில் வந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் அதைத் திறக்காமல் இருக்க மாட்டார்கள். தன் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மூச்சு விடுவார்கள்.

நான் அந்தக் கடைக்கு வந்தது எங்கள் அப்பா படுத்த படுக்கையான பிறகு. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்குப் பிறகு மருந்துக் கடையில் பெருக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஆட்களோடு பேச வராது. யாராவது பெயர் கேட்டால்கூட வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அக்கா அதைப் பார்த்திருக்க வேண்டும். ஒருநாள் பெருக்கி முடித்த நேரத்தில் கூப்பிட்டார்.

"வினோ, லேமினேசன் மிசினுக்கு ஆள் வேணும். ஆர்கூடவும் பேச வேண்டியதில்ல. காயிதத்த உள்ள விட்டு அந்தப் பக்கம் எடுக்கோணும். வர்றயா?"

தலையாட்டினேன். அவ்வளவுதான் எனக்கு நடந்த நேர்காணல். பெஞ்சை மூலையில் போட்டு, வருகிறவர்கள் அக்காவிடம் பேசும்படியும் நான் மறைவாக இருக்கும்படியும் மிஷினைத் திருப்பி வைத்தார். அந்த மூலையிலிருந்துதான் எல்லாவற்றையும் பார்த்தேன்.

கொரோனா அடங்கி, கல்யாணங்கள் மறுபடியும் பெரிதாக நடக்கத் தொடங்கிய வருடம் அது. ஒரு சாயங்காலம் அக்காவுக்கு இர்பானிடமிருந்து மெயில் வந்தது. இர்பான் அக்காவின் தங்கை மகன், கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் வேலை. அவன் தங்கை இர்பானாவின் நிக்காஹ் பத்திரிகையை முந்தின வருடம் அக்காதான் செய்தார். அப்போது அவனுக்கு அனுப்பிய அதே மெயிலுக்குக் கீழே இப்போது பதில் வந்திருந்தது. தலைப்பும் அதே 'பெயர் திருத்தம் பார்க்கவும்'. கூடவே ஒரு கோப்பு.

"இர்பானா கொழந்தைக்குப் பேர் வெக்கப் போறாங்களாட்டம் இருக்குது. அதுக்குத்தான் அனுப்பியிருப்பான்" என்று சொல்லிக்கொண்டே அக்கா திறந்தார்.

உள்ளே ஒன்றும் இல்லை. மேலே ஒரு மஞ்சள் பட்டையும் அதில் ஒரு பொத்தானும் இருந்தன. உள்ளே இருப்பது தெரிய வேண்டுமானால் இதை அமுக்கவும் என்று இங்கிலீஷில் இருந்ததை அக்கா வாய்விட்டுப் படித்தார். அமுக்கினார். அப்போதும் வெள்ளையாகவே இருந்தது.

"நெட்டு இழுக்குது" என்றார். பக்கத்துக் கடையிலிருந்து டீ வந்தது. அதைக் குடித்துவிட்டு அவர் வேறு வேலை பார்க்கப் போனார். நான் ஒரு ரேஷன் கார்டை மிஷினில் விட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சந்தை நாள். ஷட்டரைத் தூக்கி வாசல் பெருக்குகிற நேரத்தில் டீக்கடைக்காரர்தான் முதலில் வருவார். அன்றைக்கு அவருக்கு முன்னால் கமலாத்தாள் வந்து நின்றார். கமலாத்தாளுக்கு வேலந்தாவளம் ரோட்டில் தேங்காய்க் களம் இருக்கிறது. புருஷன் போன பிறகு அவர்தான் அதை நடத்துகிறார். குரல் களத்தின் அந்தக் கடைசிவரைக்கும் கேட்கும்.

"ஏம்புள்ள மும்தாஜு, என்ற பேரனுக்குக் காது குத்தி மூணு வருசம் ஆச்சு. இப்ப வந்து பேர் திருத்தம்னு அனுப்பியிருக்கறயே, எந்தப் பேரத் தூக்குனே? எங்க கொழுந்தனாரு பேரத்தான?"

"நான் ஒண்ணும் அனுப்புலீங்களேம்மா."

"அனுப்புலியா? எங்க கணக்குப்புள்ள தெறந்து காட்டறான். ஒரே வெள்ளையா இருக்குது. அத்தன பேரையும் தூக்கிப்போட்டயா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் காதுகுத்து விருந்தில் நானும் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் அக்கா சிரிக்கவில்லை. கம்ப்யூட்டரைப் போட்டார். போடுவதற்குள் போன் அடித்தது. இன்னொரு குடும்பம். அவர்கள் பெண்ணுக்குக் கல்யாணமாகி இரண்டாவது பிரசவமும் ஆகிவிட்டது, இப்போது எதற்குத் திருத்தம் என்று கேட்டார்கள். அதை வைப்பதற்குள் அடுத்த போன். யாரோ ஒருவர், தன் பெயரை எடுத்துவிட்டதாகவே முடிவு செய்துகொண்டு, அழாத குறையாகப் பேசினார்.

அக்கா போனை மேசையில் வைத்துவிட்டு இர்பானின் மெயிலை மறுபடி எடுத்துப் பார்த்தார். முகம் மாறிவிட்டது. இர்பானுக்குப் போன் போட்டு, அவன் எதுவும் அனுப்பவில்லை என்று தெரிந்ததும் ஜோபியைக் கூப்பிட்டார்.

ஜோபி சித்தூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். ஊர் போடிமெட்டுக்குப் பக்கம். அப்பா அம்மா இருவரும் ஏலத்தோட்டத்தில் வேலை செய்தவர்கள். நல்ல வேலைக்காரர், ஆனால் திட்டிக்கொண்டேதான் வேலை பார்ப்பார். அக்கா போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"யக்கா, மொதல்ல அந்த நெட் வயரப் பிடுங்குங்க. பிடுங்கிட்டீங்களா? எதையும் தொடாதீங்க. யாரெல்லாம் அதத் தெறந்தாகளோ அவுகளையும் பிடுங்கச் சொல்லுங்க. இந்தா வாரேன்."

அக்கா வயரைப் பிடுங்கினார். கமலாத்தாளிடமும் களத்துக்குப் போன் போட்டுக் கணக்குப்பிள்ளையைக் கம்ப்யூட்டரிலிருந்து வயரைப் பிடுங்கச் சொன்னார். கமலாத்தாள் போனில் "எந்த வயர்னு தெரியாட்டி எல்லாத்தயும் புடுங்குடா" என்று கத்தினார். அவன் மோட்டார் வயரையும் சேர்த்துப் பிடுங்கிவிட்டான் என்று பிறகு தெரிந்தது.

ஜோபி பைக்கில் வந்து சேர்ந்தார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே திரையைப் பார்த்தார். நாங்கள் சுற்றி நின்றோம். டீக்கடைக்காரரும் கிளாஸோடு வந்துவிட்டார். ஜோபி அப்போது சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

இது புழு மாதிரி ஒன்று. ஒரு மெயிலுக்குள் கோப்பாக உட்கார்ந்து வரும். அது தானாக ஒன்றும் செய்யாது, நாம் அந்தப் பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினதும் வெளியிலிருந்து தன் மிச்ச ஆட்களை உள்ளே கூப்பிட்டுக்கொள்ளும். பிறகு நம்முடைய பழைய மெயில்களை எல்லாம் எடுத்துப் பார்க்கும். யாருக்கு என்ன எழுதினோமோ, அதற்குக் கீழேயே நம் பெயரில் ஒரு பதிலைப் போட்டு, தன்னையும் கோப்பாக வைத்து அனுப்பிவிடும். அவர்களும் தெரிந்தவர் அனுப்பியது என்று திறப்பார்கள். அங்கிருந்து அவர்களுக்குத் தெரிந்தவர்களுக்குப் போகும். போகிற இடத்தில் எல்லாம் பாஸ்வேர்டுகளைத் திருடும். பேங்க் கணக்குவரை போகும். சில இடங்களில் மொத்தக் கம்ப்யூட்டரையும் பூட்டிவிடும்.

"இந்தா பாருங்க" என்று ஜோபி தன் போனில் அக்கா பெயரில் வந்த ஒரு மெயிலைக் காட்டினார். ஒரு பழைய பில்லுக்கு அக்கா பதில் எழுதியதுபோல அவருக்கும் வந்திருந்தது. "பேரு உங்க பேருதான். பக்கத்துல அட்ரஸ் பாத்தீகளா? எவனோ ஒருத்தன் அட்ரஸ். நீங்க பேர மட்டும் பாத்தீக, அட்ரஸப் பாக்கல."

அக்கா அந்த இடத்தை விரலால் தொட்டுப் படித்தார்.

"அது சரி, ஊருல எல்லாருக்கும் மெயில் தெறந்து குடுத்தீகல்லா, அதுக்குப் பாஸ்வேர்ட் என்ன போட்டீக?"

"கடை போன் நம்பர்தான்."

"எல்லாருக்குமா?"

"மறந்துபோட்டு வந்து நிப்பாங்க ஜோபி. அதுக்குத்தான்."

"நல்லாருக்கே! எல்லா வீட்டுக்கும் ஒரே சாவி. அதையும் போர்டுல எழுதி வாசல்ல மாட்டி வச்சிருக்கீக."

டீக்கடைக்காரர் வெளியே போய் எங்கள் கடை போர்டை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்.

இதற்குள் சந்தைக்கு வந்தவர்களில் சிலர் கடை முன்னால் கூடிவிட்டார்கள். என்ன ஆயிற்று என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கமலாத்தாளின் கண் மூலையில் இருந்த என்மேல் விழுந்தது.

"இந்தப் புள்ளதான் எதையாச்சும் அமுக்கியிருக்கும். ஏழாவதோட நின்னவகிட்ட மிசினக் குடுத்தா இப்படித்தான் ஆகும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் ஒருவர் "ஆமாமா" என்றார். நான் இல்லை என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. கையில் இருந்த காகிதத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். மறைக்கிறவள்தான் தப்புச் செய்தவள் என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கும். நான் வெளியே நின்று பார்த்திருந்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். அந்த ஒரு பேச்சு ஊருக்குள் போய்விட்டால் இன்னொரு கடையில் என்னை வேலைக்கு வைக்க மாட்டார்கள். அக்காவுக்கோ அது பெரிய சௌகரியம். கடையின் பெயர் கெடாது. படிக்காத பெண் தெரியாமல் செய்துவிட்டாள் என்று அதோடு முடிந்துவிடும்.

"அவ கை அதுல படவேயில்லீங்க" என்றார் அக்கா. "அமுக்குனது நாந்தான்."

"அவளுக்கு எதுக்குப் பரிஞ்சுட்டு வர்றே?"

"பரிஞ்சுட்டு வல்லீங்கம்மா. நாந்தான் அமுக்குனேன். டீ குடிச்சுட்டே அமுக்குனேன்."

அதைக் கேட்டு இரண்டு பேர் சிரித்தார்கள். கூட்டத்தின் பார்வை என்னைவிட்டு நகர்ந்தது. நான் உட்கார்ந்துவிட்டேன்.

ஜோபி குரலைத் தாழ்த்திச் சொன்னார். "யக்கா, எதுக்கு இம்புட்டு விளக்கம்? வைரஸ் வந்துருச்சுன்னு சொல்லிருங்க. யார் அமுக்குனான்னு எவன் கேக்கப் போறான்?"

அக்கா பதில் சொல்லும் முன் இர்பான் வந்தான். கஞ்சிக்கோட்டிலிருந்து பைக்கை எப்படி ஓட்டினானோ, சட்டை முழுக்க நனைந்திருந்தது. அக்காவை உள்ளே கூப்பிட்டான். உள்ளே என்பது என் மூலைதான், வேறு இடம் இல்லை. அதனால் எல்லாம் என் காதில் விழுந்தது.

"பெரியம்மா, எனக்கு ஆபீஸ் மெயில்ல ஒரு பில்லு வந்துச்சு. தெறந்துட்டேன். அதுல இருந்துதான் உங்களுக்கு வந்திருக்குது. ஆருகிட்டயும் என்ற பேரச் சொல்லிராதீங்க. வேல போயிரும். இன்னும் ஒரு வருசத்துல பர்மனன்ட் ஆகோணும்."

"உன்ற ஆபீஸ்ல தெரியுமா?"

"இன்னும் இல்ல."

அக்கா அவன் நெற்றி வேர்வையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார். "உன்ற பேர நான் எங்கயும் சொல்ல மாட்டேன். ஆனா நீயே போயி உன்ற ஆபீஸ்ல சொல்லோணும். இப்பவே. அங்கயும் எத்தன பேர் தெறந்திருக்காங்களோ."

"திட்டுவாங்க பெரியம்மா."

"திட்டட்டும். நாளைக்குத் தானாத் தெரிஞ்சா, திட்டறதோட விடுவாங்களா?"

 அவன் பைக்கை எடுத்துக்கொண்டு வந்த வழியே போனான்.

அக்கா முன்னால் வந்தார். இனி என்ன செய்வது? யார் யாருக்குப் போயிருக்கிறது என்று தெரியவில்லை. பத்திரிகை செய்த குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் போயிருக்கலாம். பாதிப் பேரின் போன் நம்பர் இல்லை, இருக்கிற நம்பரில் பாதி மாறிவிட்டது. திறக்காதீர்கள் என்று மெயிலில் எழுதலாம் என்று நினைத்து அக்காவே அதை விட்டுவிட்டார். "என்ற பேர்ல வர்ற மெயிலத் தெறக்காதீங்கன்னு என்ற பேர்லயே மெயில் போடறதா?" என்று கேட்டார். ஜோபியே சிரித்துவிட்டார்.

அந்த நேரத்தில் பஸ் ஸ்டாண்டில் மொக்கையனின் மைக் ஆட்டோ நின்றுகொண்டிருந்தது. மெத்தை, தலையணை தள்ளுபடி விற்பனைக்காகச் சந்தையைச் சுற்றி அறிவித்துவிட்டு மொக்கையன் சோடா குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் சாவுச் செய்தியும் லாட்டரியும் கோயில் நோம்பியும் அவர் வாயால்தான் வரும். தமிழிலும் சொல்வார், மலையாளத்திலும் சொல்வார். அக்கா நேராக அவரிடம் போனார். நானும் பின்னால் போனேன், கடையில் கூட்டத்தோடு இருப்பதைவிட அது மேல் என்று தோன்றியதால்.

விஷயத்தைக் கேட்டு மொக்கையன் சோடாவைக் கீழே வைத்தார்.

"அக்கா, கடையப் பத்தி நல்லதுதான் மைக்குல சொல்லுவாங்க. நீங்க என்ன, உங்க கடைக்கு நீங்களே சாவு சொல்லறீங்க?"

"நீ சொல்லு மொக்கையா. எழுதித் தர்றேன்."

எழுதிக் கொடுத்தார். மொக்கையன் தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தார். "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் அபிமான மும்தாஜ் கம்ப்யூட்டர்ஸின் மாபெரும் அறிவிப்பு!" அவ்வளவுதான் அவருக்கு வரும். மெத்தைக்குப் பேசிய அதே குரல். நாலு பெண்கள் கூடையோடு ஓடி வந்தார்கள். "எத்தன பர்சன்ட்டுங்க?" என்று ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி, கலர் ஜெராக்ஸுக்கும் தள்ளுபடி உண்டா என்றாள்.

"இது ஆகாது" என்று அக்கா மைக்கை வாங்கிக்கொண்டார். அவர் இதற்கு முன் மைக்கில் பேசியதில்லை. ஆட்டோவின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். நான் பக்கத்தில் பேட்டரியைப் பிடித்துக்கொண்டேன். வண்டி நகர்ந்தது.

அவர் சொன்னது இதுதான். ஒவ்வொரு தெருவிலும் திரும்பத் திரும்பச் சொன்னதால் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

"மும்தாஜ் கம்ப்யூட்டர்ஸ்ல இருந்து மும்தாஜ் பேசறனுங்க. என்ற பேர்ல, பேர் திருத்தம் பார்க்கவும்னு உங்களுக்கு மெயில் வந்திருந்தா தெறக்காதீங்க. அது நான் அனுப்புனது இல்ல. கெட்ட மெயில் ஒண்ண நான் தெறந்துட்டேன். தப்பு என்றது. என்ற கடையில வேற ஆரும் அதத் தொடல. தெறந்தவங்க கம்ப்யூட்டர்ல நெட் வயரப் புடுங்கிட்டு என்ற கடைக்கு வாங்க. நான் மெயில் தெறந்து குடுத்தவங்க எல்லாரும் பாஸ்வேர்ட மாத்தோணும், அதுக்கும் வாங்க. உங்க ஆரு பேரையும் எந்தப் பத்திரிகையில இருந்தும் நான் தூக்குலீங்க."

கடைசி வரி எழுதிக் கொடுத்ததில் இல்லை. பள்ளிவாசல் தெருவில் ஒரு பெரியவர் வாசலில் நின்று, "அப்ப என்ற பேர் இருக்குதா?" என்று கேட்ட பிறகு சேர்த்துக்கொண்டார்.

வேற ஆரும் தொடல என்ற வரி வரும்போதெல்லாம் நான் பேட்டரியைப் பார்த்துக்கொண்டேன். சந்தை, சர்ச் ரோடு, நாட்டுக்கல் போகிற வழி என்று எல்லாத் தெருவிலும் அந்த வரி கேட்டது. மொக்கையன் அதையே மலையாளத்திலும் சொன்னார். கமலாத்தாளின் களத்து வாசலிலும் சொன்னார்கள். கமலாத்தாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று முழுவதையும் கேட்டார்.

சாயங்காலத்துக்குள் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். ஜோபி அன்றைக்குத் தன் கடையைத் திறக்கவே இல்லை. அமுக்கிவிட்ட கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றிக் கொடுத்தார். கமலாத்தாளின் களத்துக் கணக்கில் ஒரு பகுதி போனது, கணக்குப்பிள்ளை மறுபடி உட்கார்ந்து அடிக்க வேண்டியதாயிற்று. பொள்ளாச்சி அச்சகத்துக்கு அக்கா போனில் சொன்னபோது அவர்கள் அப்போதுதான் மெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், இன்னும் திறக்கவில்லை. யாருடைய பேங்க் கணக்குக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஜோபி, "இன்னும் ரெண்டு நாள் போயிருந்தா என்னாயிருக்கும்னே சொல்ல முடியாதுக்கா" என்றார். அவர் வாயிலிருந்து வந்த ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

இர்பானின் கம்பெனியில் அவனை நன்றாகத் திட்டினார்கள். ஆனால் அவன் சொன்னதால்தான் மற்ற கம்ப்யூட்டர்களை உடனே நிறுத்த முடிந்தது என்று மேனேஜர் பிறகு எல்லோர் முன்னாலும் சொன்னாராம். அவன் அங்கேதான் இருக்கிறான். பர்மனன்டும் ஆகிவிட்டான்.

அடிபட்டது கடைதான். பாஸ்வேர்ட் மாற்ற வந்தவர்கள் மாற்றிக்கொண்டு போனார்கள், பத்திரிகைக்கு ஒருவரும் வரவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடையைத் தாண்டும்போது "வைரஸ் கடை" என்று கத்திவிட்டு ஓடினார்கள். ஒருவர் ஆதார் நகல் எடுக்க முகக்கவசம் போட்டுக்கொண்டு வந்தார். அக்கா அதைப் பார்த்து, "மெயில் மூக்கு வழியா வராதுங்க" என்றார், அவர் அப்போதும் கழற்றவில்லை. கல்யாண மாதத்தில்கூடத் திரை சுத்தமாகவே இருந்தது. சாயங்காலம் துணியை எடுத்துக்கொண்டு போவேன், துடைக்க ஒன்றும் இருக்காது. எனக்குச் சம்பளம் மட்டும் தவறாமல் வந்தது. எனக்குத்தான் வாங்கக் கூச்சமாக இருந்தது.

ஒருநாள் கேட்டுவிட்டேன். நான் அக்காவிடம் கேட்ட மிகச் சில கேள்விகளில் அது ஒன்று.

"நான்னு சொல்லியிருந்தா கடை தப்பிச்சிருக்கும்லக்கா?"

அக்கா போட்டோஸ்டாட் மிஷினில் காகிதம் வைத்துக்கொண்டிருந்தார். "பத்திரிகையில ஒரு பேர் விட்டுப்போனா ஆர வந்து கேக்கறாங்க?"

"உங்களத்தான்."

"அப்பறம் என்ன. அந்தக் கட்டு தீந்துபோச்சு, இன்னொண்ணு எடு."

எடுத்துக் கொடுத்தேன். நன்றி என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வரவில்லை.

ஆடி போய் ஆவணி பிறந்த பிறகு ஒரு காலையில் கமலாத்தாள் வந்தார். கையில் ஒரு பை. பேத்திக்குக் கல்யாணம் தகைந்துவிட்டது, பத்திரிகை எழுத வேண்டும் என்றார். அக்கா கொஞ்சம் திகைத்துவிட்டார்.

"பொள்ளாச்சியில நேரா அச்சகத்துலயே பண்ணறாங்களேம்மா. அங்க போகலீங்களா?"

"போனேன். எங்க ஒறம்பரை பேர எல்லாம் பாத்துட்டு, இத்தன எதுக்கு, பாதியக் கொறச்சுக்கலாமேங்கறான். எந்திரிச்சு வந்துட்டேன்." பையை மேசையில் வைத்தார். "அதுமில்லாம, தான் பண்ணுன தப்ப ஆட்டோ வெச்சு ஊரு பூராச் சொன்னவ நீ. நீ போயி என்ற கொழுந்தனாரு பேரத் தூக்கிட்டு இல்லேன்னு சொல்லுவயா?"

அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பல வாரம் ஆகியிருந்தது.

கமலாத்தாள் பையிலிருந்து இரண்டு இளநீரை எடுத்து வெளியே வைத்தார். ஒன்றை அக்கா பக்கம் தள்ளினார். இன்னொன்றைத் தூக்கிக்கொண்டு என் மூலைக்கு வந்து, லேமினேஷன் மிஷினுக்குப் பக்கத்தில் வைத்தார். என்னைப் பார்க்காமல் மிஷினைப் பார்த்துக்கொண்டு, "சூடு பட்டுறப்போகுது, தள்ளி வெச்சுக்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார், எனக்கு அது போதும். அன்று சாயங்காலம் திரை முழுக்கத் தடம். வழக்கமாகத் துடைப்பதைவிட மெதுவாகத் துடைத்தேன்.

கமலாத்தாள் வந்ததைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. சில குடும்பங்கள் இன்னும் பொள்ளாச்சிக்குத்தான் போகிறார்கள்.

இப்போது கடையில் சில விஷயங்கள் மாறியிருக்கின்றன. யாருக்கு மெயில் தொடங்கினாலும் பாஸ்வேர்டை அவர்களே அடிக்க வேண்டும். அவர்கள் அடிக்கும்போது அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார். மறந்தால் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். பத்திரிகை அனுப்பியதும் அக்காவே போன் செய்து, "நாந்தான் அனுப்புனேன், தெறங்க" என்று சொல்வார். யாராவது கோப்பு அனுப்பினாலும் திறப்பதற்கு முன் அவர்களைக் கூப்பிட்டுக் கேட்பார். இர்பான் அனுப்பினாலும் கேட்பார். கோப்பைத் திறந்ததும் மஞ்சள் பட்டை வந்தால் அப்படியே மூடிவிடுவார்.

நான் அதே மூலையில் அதே மிஷினில் வேலை செய்கிறேன். கமலாத்தாளின் பேத்திக்குக் கல்யாணம் முடிந்து, இப்போது அவர்கள் வீட்டுப் புதுமனை புகுவிழாப் பத்திரிகை எங்கள் கடையில் இருக்கிறது. சாயங்காலம் துடைக்கும்போது நடுவில் நாலு தடம் இருக்கிறது. திரையின் மேல் ஓரத்தில், அனுப்பியவரின் அட்ரஸ் வருகிற இடத்திலும், தினமும் ஒரு வரிசைத் தடம் இருக்கிறது. இரண்டையும் துடைத்துவிட்டு, நெட் வயரைப் பிடுங்கி ஆணியில் மாட்டிவிட்டு, ஷட்டரை இறக்குகிறோம்.